ஏகாம்பரம் பாஸ் பண்ணின பவர் பேங்க்

ஏகாம்பரத்தோடு கடைக்குப் போவதைவிடப் பல் பிடுங்கிக்கொள்ளப் போகலாம் என்பாள் அவர் மனைவி ஷோபனா. ஒரு டம்ளர் வாங்க ஒன்பது டம்ளரைக் கவிழ்த்துப் பார்க்கிற மனுஷன். விளிம்பில் விரலை ஓட்டுவார். கடைக்காரரின் மேஜைக் கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தில் ஒற்றை விரலால் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடினால் "ரிஜக்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுப்பார். கடைக்காரர் முகம் போகிற போக்கை அவர் கண்டுகொண்டதே கிடையாது.

பழக்க தோஷம், வேறென்ன! ஆவடியில் ராணுவத் தளவாடங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். சோளிங்கர் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறி, அங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து, தலை நரைத்தவர். அவருடைய முத்திரை எண் இருபத்தேழு. இருபத்தேழு விழுந்த பாகத்தை அடுத்த ஷாப்பில் யாரும் மறுபடி அளந்து பார்க்க மாட்டார்கள். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்.

அதிகமாகச் சொன்னவர் கஜபதி. அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆவடியை ஒட்டிய சேக்காட்டிலேயே பிறந்து சேக்காட்டிலேயே வீடு கட்டியவர். இரண்டு பேருக்கும் அறிமுகமே சண்டையில்தான் தொடங்கியது. கஜபதி ராவிக் கொடுத்த ஒரு தகட்டை ஏகாம்பரம் சமதளக் கல்லின் மேல் வைத்தார், விரலால் அழுத்தினார், சிவப்புச் சீட்டை ஒட்டித் தள்ளிவிட்டார். "இன்னா நைனா, தொட்டுப் பாத்தே தூக்கிப் போடுற? உன் விரல்ல இன்னா மீட்டர் கீதா?" என்று கஜபதி குதித்தார். பிறகு கேஜ் வைத்து அளந்து பார்த்தால் ஏகாம்பரம் சொன்னதுதான் சரி, மயிரிழை தூக்கல். சாயங்காலம் கஜபதியே இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே பாட்டு. "ஏகா பாஸ்னா பாஸ்தான்."

கஜபதிக்கும் ஒரு விரல் இருந்தது. வலது கை ஆள்காட்டி விரல். கேரம் போர்டுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தால் எதிரில் உட்காருகிறவன் பாதித் தோல்வியோடுதான் உட்காருவான். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் எந்த மன்றத்தில் போட்டி நடந்தாலும் கூப்பிட்டுவிடுவார்கள். சேக்காட்டு மன்றத்தின் பெரிய போர்டு அவருடைய பொறுப்பு. அதைத் துணி போட்டு மூடுவதும், நாலு மூலையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதும், ஈரம் படாமல் காப்பதும் அவர்தான். பேரன்கூட அதன் மேல் கை வைக்க முடியாது. "ரிட்டயர் ஆனா சீனியர் போட்டிக்கெல்லாம் போவணும் ஏகா. திருச்சி, மதுரைன்னு ரயில் ஏறிகினே இருக்கணும்" என்று சர்வீஸின் கடைசி வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாளும் வந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மே மாதக் கடைசி. தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, செக்ஷனே சேர்ந்து ஒரு பரிசு கொடுத்து, வீடு வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வரும். சுவர்க் கடிகாரம், குத்துவிளக்கு, குக்கர் என்று அதுவரைக்கும் கொடுத்துவந்தார்கள். கஜபதி முன்கூட்டியே சொல்லிவிட்டார். "கடியாரம் கிடியாரம் வேணாம்பா. ஊர் ஊரா போவப் போறேன், என் போனு மத்தியானத்துக்கெல்லாம் செத்துப் பூடுது. நல்லதா ஒரு பவர் பேங்கு குடுங்க. ஏகா பாத்து வாங்கட்டும்."

ஏகாம்பரம் ஸ்டோர்ஸ் ஜெகதீசனை அழைத்துக்கொண்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போனார். ஜெகதீசன் நாற்பத்தைந்து வயது ஆள், எதையும் போனில் தேடிப் படித்துவிட்டுத்தான் பேசுவான். போன் உறையும் ஹெட்போனும் தொங்குகிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நாலு பேருக்குத் தெரிந்த கம்பெனியுடையது, பிளாஸ்டிக் உடம்பு, கைக்கு லேசு. இன்னொன்று பெயர் கேள்விப்படாதது. வழவழவென்று உலோக உடம்பு, கையில் வைத்தால் கனத்தது. அதன் முதுகில் ஐம்பதாயிரம் எம்ஏஎச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஏகாம்பரம் இரண்டையும் இரண்டு கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். இரும்போடும் எஃகோடும் முப்பது வருஷம் புழங்கிய கை. கனமாக இருப்பது உழைக்கும், லேசாக இருப்பது ஏமாற்று. அந்தக் கைக்குத் தெரிந்த நியாயம் அதுதான். கனத்ததைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் அழுத்தினார். ஆடவில்லை. மூலைகளைத் தடவினார், பிசிறு இல்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்றான் ஜெகதீசன். "இதுல கவர்மென்ட் ஐஎஸ் முத்திரையே காணோம். ஆர்னு ஆரம்பிச்சு எட்டு நம்பர் இருக்கணும், அத்த ஆப்ல போட்டா எந்தக் கம்பெனின்னு வந்துரும். அந்த பிளாஸ்டிக்ல இருக்கு பாருங்க. அப்பறம் இதுல ஐம்பதாயிரம்னு ஒரே நம்பர்தான் போட்டிருக்கான். உள்ள செல்லு எவ்ளோ, வெளிய எவ்ளோ வரும்னு ரெண்டையும் போடணும் சார். இவ்ளோ சின்ன பொட்டில ஐம்பதாயிரம் அடங்கவே அடங்காது."

நியாயமான பேச்சு. வேறு யாராவது தொழிற்சாலையில் இப்படிச் சொல்லியிருந்தால் ஏகாம்பரமே முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சுருக்கென்றது.

"ஜெகதீசா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கையில கேஜ் புடிச்சவன். அச்சடிச்ச நம்பரப் பாத்து நீ ஸ்டோர்ஸ்ல சாமான எண்ணி வைக்கலாம். சாமான் எப்டின்னு கைதான் சொல்லும்" என்றார். ஜெகதீசன் பிறந்தபோது ஏகாம்பரம் சோளிங்கரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். கணக்கு உதைக்கிறதே என்று அவன் கேட்கவில்லை.

பிரிவுபசார மேடையில் அந்தப் பவர் பேங்கைக் கொடுப்பதற்கு முன்னால் ஏகாம்பரம் ஒரு வேடிக்கை செய்தார். வீட்டில் பச்சைத் தாளை வட்டமாக வெட்டி, 'பாஸ், 27' என்று பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதை எல்லார் முன்னாலும் அதன் முதுகில் ஒட்டிக் கொடுத்தார். கூட்டம் கை தட்டித் தீர்த்தது. கஜபதிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது போதும்பா எனக்கு" என்றார். அந்த வட்டத்தின் மேல் செல்லோ டேப் ஒட்டிப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. கஜபதி திருச்சிக்குப் போய் அரையிறுதி வரை ஆடிவிட்டு வந்தார். ரயிலில் யாருக்கு போன் அணைந்தாலும் இவர் எடுத்து நீட்டுவாராம், நீட்டும்போது பச்சை வட்டத்தையும் காட்டுவாராம். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மன்றத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், ஜெகதீசனும் இருந்தான். ஏகாம்பரம் அப்போது குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டுப் பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்தார். அவருக்கும் சர்வீஸ் முடிய இரண்டே மாதம்.

கஜபதி சட்டைப் பையிலிருந்து பவர் பேங்கை எடுத்தார். "ஏகா, இத்த ஒருதபா பாரேன். ஒரு வாரமா சூடாவுது. சார்ஜு போட்டா தொட முடியல."

ஏகாம்பரம் அதை வாங்கினார். பழக்கத்தில் கை தானாகவே போயிற்று. நாலு மூலையும் மட்டமாக இருக்கிற அந்தப் பெரிய போர்டின் நடுவில், பவுடர் மேல், அதை வைத்தார். ஓரத்தில் ஒற்றை விரலால் அழுத்தினார்.

ஆடியது.

பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற ஆட்டம் இல்லை. மயிரிழைதான். ஆனால் கடையில் ஆடாத சாமான் இப்போது ஆடுகிறது. அப்படியென்றால் வயிறு உப்பியிருக்கிறது, உள்ளே எதுவோ கெட்டிருக்கிறது. இதற்குப் படிப்பு வேண்டாம், கேஜ் வேண்டாம். அந்த விரல் முப்பத்து மூன்று வருஷத்தில் அவரிடம் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

நிமிர்ந்தார். ஜெகதீசன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்ததா, இல்லை இவராகவே நினைத்துக்கொண்டாரா, இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. செக்ஷன் ஆட்கள் நாலு பேர் சுற்றி நின்றார்கள். பச்சை வட்டம் டேப்புக்கு அடியில் பளபளவென்று இருந்தது. இருபத்தேழு.

"ஒண்ணும் இல்லப்பா" என்றார் ஏகாம்பரம். "மெட்டல் பாடி. உள்ள இருக்கற சூட்ட வெளிய தள்ளுது. நல்லதுதான். யூஸ் பண்ணு."

"பாஸா?"

"பாஸ்."

"அவ்ளோதான். சொம்மா பேஜார் பண்ணிகினேன்" என்று கஜபதி சிரித்தார். அதில் ஒட்டியிருந்த பவுடரைத் துண்டால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஏகாம்பரத்துக்கு மனசு குறுகுறுத்தது. நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டு, தூக்கிப் போடச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் வீடு மாற்றுகிற வேலை வந்தது. அதற்கு மறுநாள் சாமான் கட்டுகிற ஆள் வந்தான். ஒரு போன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்? பண்ணவில்லை. சாயங்காலமானால் பண்ணுவோம் பண்ணுவோம் என்று இருந்து, ஒன்பது நாள் போய்விட்டது.

பத்தாம் நாள் மத்தியானம் கஜபதி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லியில் ஐடி வேலை பார்க்கிற மகள் தீபிகா, பேத்தியை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டுக்கு மேலே ஸ்டூலில் பவர் பேங்க் சார்ஜில் கிடந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம். மனைவி பேபி, குக்கர் என்று நினைத்தாள். கஜபதி திரும்பிப் பார்த்தார், புகை. துணி எடுக்க, தண்ணீர் எடுக்க நேரம் ஏது? வெறுங்கையால் அதை அள்ளிக்கொண்டு பின்பக்கம் ஓடித் துவைக்கிற கல் மேல் வீசினார். குழந்தைக்கு ஒரு பொட்டுச் சூடு படவில்லை. அவருடைய வலது உள்ளங்கையும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரியில் ஏகாம்பரம் போய் நின்றபோது கை முழுக்கக் கட்டு. பேபி எழுந்து நாற்காலி போட்டாள்.

"நீங்க பாத்துக் குட்த்த சாமான்ணா, அது இன்னா பண்ணும்? இந்த மனுசன்தான் வெயில்ல கியில்ல போட்டு வெச்சிருப்பாரு" என்றாள்.

"ஆமா ஏகா" என்றார் கஜபதி. "ஜன்னலாண்ட வெச்சிருந்தேன். என் தப்புதான்."

அவர்கள் அடித்திருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏகாம்பரத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதும் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்ததை எச்சிலோடு விழுங்கிவிட்டு, "உடம்பப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அன்று சாயங்காலம் சேக்காட்டு வீட்டுக்குப் போய்த் துவைக்கிற கல் பக்கத்தில் கிடந்த கரிக்கட்டையைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். ஃபிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். உள்ளே வெந்து கருகிய இரண்டு சின்ன செல். அவற்றோடு, கனம் காட்டுவதற்காக, பசை போட்டு ஒட்டிய மூன்று இரும்புப் பட்டை. அடப்பாவி! அவர் கை நம்பினது அந்தப் பட்டைகளைத்தான். எஃகுக்கும் இரும்புக்கும் வித்தியாசம் சொன்ன கை, சாமானுக்கும் பாரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரை அறுத்தது அது இல்லை. கடையில் நடந்தது ஏமாந்தது, யார் வேண்டுமானாலும் ஏமாறலாம். போர்டு மேல் நடந்தது ஏமாந்தது இல்லை. அது அவராகப் பண்ணினது.

தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். நாலு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கட்டை விரல் வந்துவிட்டது. ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை, மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். கஜபதி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மன்றத்துக்கு வந்தார். பவுடர் போட்டார், போர்டைத் துடைத்தார், மற்றவர்கள் ஆட்டத்துக்கு நடுவராக உட்கார்ந்தார். ஒரு நாள் யாரும் இல்லையென்று நினைத்து இடது கையால் ஸ்டிரைக்கரைத் தட்டினார். அது காயைத் தொடாமல் கட்டையில் மோதித் திரும்பி வந்தது. வாசலில் நின்று அதைப் பார்த்த ஏகாம்பரம், செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஏகாம்பரம் ரிட்டயர் ஆனார். மாலை போட்டார்கள், வீடு வரைக்கும் கூட வந்தார்கள். பரிசு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். காலையில் ஏரியைச் சுற்றி நடப்பார். கடைக்குப் போனால் ஷோபனா எடுத்துக் கொடுத்த டம்ளரை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தார். அவள்தான் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

போன மாதம் கஜபதி போன் பண்ணினார். தீபிகா அவருக்குப் புதிதாக ஒரு பவர் பேங்க் வாங்கி வந்திருக்கிறாளாம். மதுரையில் சீனியர் போட்டிக்கு அவரை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அப்பா, நல்ல கம்பெனி, நான் எல்லாம் பாத்துட்டேன்னு சொல்லிகினு கீறா. பேபி அத்தத் தொடவே வுட மாட்டேன்றா. ஏகாண்ணன் பாத்தாதான் ஊட்டுக்குள்ள வரணுமாம். வந்து ஒருதபா பாத்துக் குடுத்துடு."

ஏகாம்பரம் மறுக்கவில்லை. போனார். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்று நாள் அதோடு உட்கார்ந்தார். முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. எந்த ஆப் என்று ஜெகதீசனுக்கே போன் பண்ணிக் கேட்டு, ஆர் என்று தொடங்கும் எண்ணை அதில் போட்டுக் கம்பெனிப் பெயர் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார். உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று இரண்டு அளவும் அச்சாகியிருந்தன. சமையல் தராசில் நிறுத்து, கம்பெனி சொன்ன எடையோடு ஒப்பிட்டார். பால்கனியில் எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்துப் பகலெல்லாம் சார்ஜ் போட்டு, அரைமணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தார். கை பொறுக்கிற வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. அன்றைக்குக் கடையில் ஜெகதீசன் சொன்னதைச் செய்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே மன்றத்துக்குப் போனார். கஜபதி மட்டும் இருந்தார், போர்டுக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, பாஸா?"

"கஜா, ஒக்காரு. ஒண்ணு சொல்லணும்."

கஜபதி உட்கார்ந்தார். ஏகாம்பரமும் எதிரில் உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"அன்னிக்கு இந்த போர்டு மேலதான் வெச்சுப் பாத்தேன். அது ஆடிச்சு. எனக்குத் தெரிஞ்சுது கஜா. ஜெகதீசன் நிக்கறான், எல்லாரும் நிக்கறாங்க, நான் வாங்கினது, நான் ஒட்டின ஸ்டிக்கரு... தெரிஞ்சேதான் பாஸ்னேன். உன் கை என்னாலதான் போச்சு. நீ வெயில்ல வெச்சதால இல்ல."

கஜபதி வலது கையைப் போர்டின் ஓரத்தில் வைத்தார். ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

"எனக்குந்தான் தெரிஞ்சுது" என்றார்.

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

"இந்த போர்டு மேல ஒரு சாமான் ஆடுனா எனக்குத் தெரியாதா ஏகா? நாப்பது வருசமா இத்ததான பாத்துகினு கீறேன். நீ அமுக்கினப்ப அந்தாண்ட மூலை தூக்குச்சு. பவுடர்ல கோடு வுழுந்துது. பாத்தேன். நீ பாஸ்ன. சரி, வயசாய்ப்போச்சு, நம்ம கண்ணுதான் கெட்டுப் பூச்சுன்னு நெனச்சிகினேன்." அவர் குரலில் கோபமே இல்லை. "அப்பால வெயில்ல வெச்சேன்னு சொன்னதும் பொய்யி. வெயில்ல ஒண்ணும் வெக்கல. பேபி உன்ன ஒண்ணு சொல்லிடக் கூடாதுன்னு சொன்னேன்."

ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கஜபதி தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்தே இருந்தார்.

வெகு நேரம் கழித்து ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து புதுப் பவர் பேங்கை எடுத்தார். அதில் பச்சை வட்டம் எதுவும் இல்லை. போர்டின் நடுவில் வைத்து, தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன். நீ அமுக்கிப் பாரு. நீ சொல்றதுதான்."

கஜபதி மடங்காத அந்த விரலை நீட்டி ஓரத்தில் அழுத்தினார். தலையைச் சாய்த்து, போர்டு மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, அந்தாண்ட மூலையைப் பார்த்தார். மூலை மாற்றி இன்னொரு தடவை அழுத்தினார்.

"ஆடல" என்றார். சொல்லிவிட்டு, பழக்கம் விடாமல், ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார்.